நடக்காமல் போன தவறை எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி:

மேடம், வணக்கம். நான் ஒரு பொது மருத்துவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். நான்கு வருட அனுபவம். போன வாரம் நைட் ட்யூட்டியில் நடந்ததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. முப்பது படுக்கைக்கு இரண்டு பேர் இருந்தோம். காலை ஆறு மணி இன்சுலின் ரவுண்டில், பன்னிரண்டாம் படுக்கைக்கு 14 யூனிட் என்று எடுத்துக்கொண்டு போனேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், அவர் தூக்கக் கலக்கத்தில் ‘ம்’ என்றார். கையில் கட்டியிருக்கும் பெயர்ப் பட்டையை (கைப்பட்டை) பார்க்கவில்லை. சட்டையை விலக்கியபோதுதான், ‘எனக்குச் சர்க்கரையே கிடையாதே சிஸ்டர், இது என்ன ஊசி?’ என்று கேட்டார். அதே பெயரில் இன்னொருவர் வார்டில் இருக்கிறார். முந்தின நாள் சாயங்காலம் இரண்டு பேரும் படுக்கையை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவரில் எனக்கு அது வரவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

சொல்லிவிடலாம் என்றால் பயமாக இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் என்னோடு வேலை செய்யும் ஒருத்தி, ஒரு ஆன்டிபயாடிக் டோஸ் விட்டுப்போனதைத் தானாகவே எழுதிக் கொடுத்தாள். அவளுக்கு மெமோ கொடுத்தார்கள், மாத மீட்டிங்கில் பெயரையும் வாசித்தார்கள். ஒன்றுமே நடக்காதபோது நான் ஏன் சொல்ல வேண்டும்? மீட்டிங் எப்போதும் ‘கவனமாக இருங்கள்’ என்பதோடு முடிந்துவிடுகிறது. என்னைப் போன்ற ஒரு சாதாரண நர்ஸால் நோயாளிகளின் பாதுகாப்புக்கு உண்மையில் என்ன செய்ய முடியும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சொல்லுங்கள். உங்கள் கேள்விக்கு நேரான பதில் அதுதான். யாரிடம், எந்த வார்த்தையில், எதைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் வார்டிலும் பிறகு தரப் பிரிவிலும் வேலை பார்த்தவள் நான். எழுதிக் கொடுப்பவரின் பயமும் தெரியும், அந்தத் தாளை வாங்கிப் படிப்பவர் அதில் எதைத் தேடுவார் என்பதும் தெரியும்.

‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்கிறீர்களே, அதைக் கொஞ்சம் பார்ப்போம். அந்த ஊசி நின்றதற்கு உங்கள் வார்டின் எந்த ஏற்பாடும் காரணம் இல்லை. அந்த நோயாளிக்கு நல்ல நினைவு இருந்தது, பேச முடிந்தது, நர்ஸிடம் கேள்வி கேட்கக் கூச்சம் இல்லை. இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் ஊசி போயிருக்கும். அடுத்த வாரம் அதே படுக்கையில் காது கேட்காத ஒரு முதியவர் இருக்கலாம், மறதி நோய்க்காரர் இருக்கலாம், ‘சிஸ்டர் போட்டால் சரியாகத்தான் இருக்கும்’ என்று பேசாமல் வயிற்றைக் காட்டுகிறவர் இருக்கலாம். குழப்பத்துக்கான காரணங்கள் அப்போதும் வார்டிலேயே இருக்கும். நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் அவை இருப்பது உங்கள் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும்.

சரி, ஊசி உள்ளே போயே விட்டது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ரெகுலர் இன்சுலின் அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். சர்க்கரை நோய் இல்லாத, இரவெல்லாம் வெறும் வயிற்றோடு இருந்த ஒருவருக்கு வியர்க்கும், படபடக்கும், பேச்சு குழறும். அதற்கு மேல் போனால் வலிப்பு, மயக்கம், மூளைப் பாதிப்பு. ஆனால் போட்ட அடுத்த நிமிடமே நர்ஸ் ட்யூட்டி டாக்டரிடம் சொல்லிவிட்டால்? க்ளூக்கோமீட்டரில் அடிக்கடி பார்ப்பார்கள், குடிக்கக் குளுக்கோஸ் கொடுப்பார்கள், தேவைப்பட்டால் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) ஏற்றுவார்கள், சில மணி நேரம் கண்காணிப்பார்கள். பெரும்பாலும் அதோடு சமாளித்துவிடலாம். ஒரே தவறுதான், ஒரே டோஸ்தான். அவர் பிழைத்து எழுந்து காபி கேட்பதும், எட்டு மணிக்கு உணர்வில்லாமல் கிடப்பதும் அந்த நர்ஸ் சொன்னாளா இல்லையா என்பதைப் பொறுத்தது. மெமோவுக்குப் பயந்து வாய் பேசாத வார்டில் ஆபத்து இங்கிருந்துதான் வருகிறது. சின்னத் தவறுகளைச் சொல்லிப் பழக்கமில்லாத ஊழியர், பெரியது நடக்கும் அன்றைக்கு மட்டும் திடீரென்று சொல்லிவிடுவார் என்று எந்த நிர்வாகமும் எதிர்பார்க்க முடியாது.

உங்கள் சூப்பரின்டென்டென்ட் இதைப் படித்தால் நல்லது என்பதால் ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 1990-களில் எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வு மாணவி, மருத்துவமனைப் பிரிவுகளில் நடக்கும் மருந்துத் தவறுகளைக் கணக்கெடுத்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள பிரிவில் தவறுகள் குறைவாக இருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. எண்கள் நேர்மாறாக வந்தன. நல்ல பிரிவுகளில்தான் பதிவான தவறுகள் அதிகம். தோண்டிப் பார்த்ததில் விளக்கம் கிடைத்தது: அங்கே பயமில்லாமல் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள். 1996-ல் இது வெளியானது. அதனால், ‘எங்கள் வார்டில் ஆறு மாதமாக ஒரு இன்சிடென்ட் ரிப்போர்ட்டும் (தவறு பற்றிய அறிக்கையும்) இல்லை’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குக் கவலைதான் வரும். முப்பது நோயாளி, மூன்று ஷிஃப்ட், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான டோஸ். அதில் எதுவுமே பிசகவில்லை என்பதை என்னால் நம்ப முடியாது.

விமானத் துறை இதை முன்பே புரிந்துகொண்டது. அமெரிக்காவில் 1976 முதல் விமானிகள் தங்கள் தவறுகளையும் நூலிழைத் தப்பல்களையும் (நடக்கவிருந்து கடைசி நேரத்தில் தப்பியவற்றையும்) எழுதி அனுப்ப ஓர் அமைப்பு இருக்கிறது. அதை நடத்துவது லைசென்ஸைப் பறிக்கும் அதிகாரமுள்ள துறை அல்ல, நாசா. அனுப்பியவரின் அடையாளத்தை நீக்கிவிட்டுத்தான் தகவலைப் பயன்படுத்துகிறார்கள். தண்டிக்கும் கையும் கேட்கும் காதும் ஒரே ஆளிடம் இருந்தால் யார் எழுதுவார்?

உங்கள் பயம் வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். 2017-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு நர்ஸ், ஸ்கேனுக்கு முன் நோயாளியின் பதற்றத்தைத் தணிக்க மிடாசோலம் எடுக்கப் போனார். மருந்து தரும் இயந்திரத்தில் அதன் வணிகப் பெயரான வெர்செட் என்பதன் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டினார். திரையில் வந்தது வெக்குரோனியம், தசைகளை முடக்கும் மருந்து. அதை எடுத்துக் கொடுத்துவிட்டார். நோயாளி இறந்தார். நர்ஸ் தன் தவறை மறைக்கவில்லை, உடனே ஒப்புக்கொண்டார். ஆனாலும் லைசென்ஸ் போனது, 2022-ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது, மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. உலகம் முழுக்க நர்ஸ்கள் கொதித்தார்கள். அவர் பங்கில் பிழை இல்லாமல் இல்லை. பாட்டில் மூடியிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருந்தது. ஆனால் இரண்டு எழுத்து தட்டினால் இப்படியொரு மருந்தை நீட்டும் இயந்திரத்தை அந்த நர்ஸ் வடிவமைக்கவில்லையே. இது மாதிரி இயந்திரங்களில் குறைந்தது ஐந்து எழுத்தாவது தட்ட வேண்டும் என்ற மாற்றம் பிறகு வந்தது. நோயாளிகளை அதிகம் காப்பாற்றப்போவது அந்த மாற்றமா, அந்தத் தீர்ப்பா என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை.

தண்டனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. மனிதர்கள் எல்லோருக்கும் வரும் கைப்பிசகு ஒன்று. எல்லோரும் செய்கிறார்களே என்று குறுக்குவழியில் போவது இன்னொன்று. ஆபத்து தெரிந்தும் துணிந்து செய்வது மூன்றாவது. டேவிட் மார்க்ஸ் என்பவர் 2001-ல் ‘ஜஸ்ட் கல்ச்சர்’ என்ற பெயரில் இந்தப் பிரிவினையை மருத்துவத் துறைக்குள் கொண்டுவந்தார். முதலாவதற்கு ஆறுதலும் ஏற்பாட்டில் மாற்றமும், இரண்டாவதற்குப் பேசித் திருத்துவது, மூன்றாவதற்குத்தான் நடவடிக்கை. உங்கள் தோழி விட்ட ஆன்டிபயாடிக் டோஸ் முதல் வகை, அதற்கு மெமோ கொடுத்தது நிர்வாகத்தின் தவறு. நீங்கள் கைப்பட்டையைப் பார்க்காதது, உங்கள் வார்டில் ஆறு மணி ரவுண்டில் யாருமே பார்ப்பதில்லை என்றால், இரண்டாவது வகை. பார்க்காத நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதுகிறவருக்கு நான் பரிந்து பேசமாட்டேன்.

அது என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எந்த வார்டின் சார்ட்டை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், மூச்சு எண்ணிக்கை எல்லோருக்கும் 20 என்றே இருக்கும். நிமோனியாக்காரருக்கும் 20, நாளை வீட்டுக்குப் போகிறவருக்கும் 20. உடல்நிலை மோசமாகத் தொடங்கும்போது மூச்சின் வேகம்தான் பல சமயம் முதலில் மாறும். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்த ‘நியூஸ்’ என்ற முன்னெச்சரிக்கை மதிப்பெண்ணில் மூச்சு எண்ணிக்கையும் ஓர் அங்கம். அங்கே மொத்தம் 5 வந்தால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும், 7 வந்தால் அவசர நிலை. பொய்யான 20-ஐப் போட்டுக் கூட்டினால் அந்த மதிப்பெண்ணுக்கு என்ன அர்த்தம்? ‘சாதாரண நர்ஸால் என்ன முடியும்’ என்றீர்களே, ஒரு முழு நிமிடம் நெஞ்சைப் பார்த்து எண்ணி எழுதுவது முடியும். யாருடைய அனுமதியும் வேண்டாம், இன்றைக்கே தொடங்கலாம்.

இப்போது உங்கள் சம்பவத்துக்கு வருவோம். அன்றைக்கு நான்கு விஷயங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. ஒரே பெயரில் இருவர் இருப்பதற்கு எந்தக் குறியும் இல்லை. படுக்கை மாறியது எங்கேயும் பதிவாகவில்லை. ஹேண்ட் ஓவர் ஆளைப் பார்த்து நடக்காமல், மேஜையில் உட்கார்ந்து படுக்கை எண்ணைச் சொல்லி நடந்தது (நீங்கள் எழுதவில்லை, ஆனால் கட்டில் அருகே நின்று ஹேண்ட் ஓவர் வாங்கியிருந்தால் மாற்றம் அப்போதே தெரிந்திருக்கும்). கடைசியில் நீங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். இந்தக் கடைசி ஒன்றுதான் அந்த நிமிடத்தில் உங்கள் கையில் இருந்தது.

அதை மட்டும் நாளையிலிருந்தே மாற்றிக்கொள்ளுங்கள். ‘நீங்கள் இன்னார்தானே?’ என்று கேட்டால் தூக்கத்தில் இருப்பவர், வலியில் இருப்பவர், காது மந்தமானவர் எல்லோருமே ஆமாம் என்பார்கள். ‘உங்கள் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன?’ என்று அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும். பிறகு கைப்பட்டையோடும் மருந்துச் சீட்டோடும் ஒப்பிட வேண்டும். பெயரோடு பிறந்த தேதி அல்லது மருத்துவமனைப் பதிவு எண், ஆக இரண்டு அடையாளம். படுக்கை எண் ஒருபோதும் அடையாளம் ஆகாது, அது கட்டிலுக்கு உரியது. பட்டை இல்லையென்றால் புதிய பட்டை கட்டிவிட்டுத்தான் மருந்து. பதில் சொல்ல முடியாத நோயாளிக்குப் பட்டை ஒன்றே துணை, அதனால் அங்கே இன்னும் கண்டிப்பு தேவை.

மற்ற மூன்றும் நீங்கள் எவ்வளவு ‘கவனமாக’ இருந்தாலும் சரியாகாது. விபத்துக்குப் பின் எடுக்கும் நடவடிக்கைகளைப் பலவீனமானது, நடுத்தரமானது, வலுவானது என்று பாதுகாப்புத் துறையில் தரம் பிரிப்பது உண்டு. வகுப்பு எடுப்பதும் சுற்றறிக்கை அனுப்புவதும் பலவீனமான வரிசையில் வரும். தவறு செய்யவே முடியாதபடி பொருளையும் இடத்தையும் மாற்றிவிடுவது வலுவானது. அடர் பொட்டாசியம் குளோரைடு நல்ல உதாரணம். நீர்க்காமல் நேராக ரத்தக் குழாயில் போனால் இதயம் நின்றுவிடும். பார்க்க மற்ற ஆம்பூல்களை (சின்ன மருந்துக் குப்பிகளை) போலவே இருக்கும். எத்தனையோ எச்சரிக்கைக்குப் பிறகும் இறப்புகள் தொடர்ந்தன. கடைசியில் பல நாடுகளில் அதைச் சாதாரண வார்டு அலமாரியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். வார்டில் இல்லாத ஆம்பூலை நள்ளிரவில் யாரும் தவறாக எடுக்க முடியாது. அவ்வளவுதான்.

உங்கள் வார்டில் இதே முறையில் யோசித்தால் செலவில்லாமல் சில செய்யலாம். ஒரே பெயரோ ஒலிப்பில் நெருங்கிய பெயரோ உள்ள இருவர் இருந்தால், இருவரின் கேஸ் ஷீட்டிலும் மருந்து சார்ட்டிலும் கட்டில் பலகையிலும் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒட்டுச்சீட்டு. முடிந்தால் இருவரையும் வார்டின் இரு முனையில் வைப்பது. நோயாளி படுக்கை மாறினால் கேஸ் ஷீட், மருந்துத் தட்டு, பலகை எல்லாம் அதே நேரத்தில் அவரோடு நகர வேண்டும், மாற்றியவர் கையெழுத்திட வேண்டும். ஹேண்ட் ஓவரில் குறைந்தபட்சம் புது அட்மிஷன், படுக்கை மாறியவர், இன்சுலின் அல்லது ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) உள்ளவர், நிலை மோசமானவர் ஆகியோரையாவது கட்டிலருகே நின்று ஒப்படைப்பது. முப்பது பேரையும் சுற்ற நேரமில்லை என்பார்கள், அது உண்மைதான், இந்த ஏழெட்டுப் பேருக்கு நேரம் உண்டு.

இன்சுலினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பொறிகள் அதிகம். யூனிட் என்பதற்குப் பதில் ஆங்கிலத்தில் ஒற்றை ‘யு’ எழுத்தைப் போட்டால் அது பூஜ்யமாகத் தெரியும், 4 யூனிட் 40 ஆகிவிடும். டாக்டர் அப்படி எழுதினால் முழுச் சொல்லாக எழுதித் தரச் சொல்லுங்கள். மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் 100 யூனிட் உள்ள குப்பியும் புழங்கும் இடங்களில் சிரிஞ்சு மாறினால் இன்னும் மோசம்: 40-க்கான சிரிஞ்சில் 100 குப்பியிலிருந்து எடுத்தால் இரண்டரை மடங்கு டோஸ் போகும். இரண்டு வகையையும் ஒரே ட்ரேயில் வைக்க விடாதீர்கள். இன்னொரு நர்ஸ் சரிபார்க்கும் முறை உங்கள் இடத்தில் இருந்தால், அவர் சார்ட்டைத் தனியாகப் படித்து, தனியாக அளவைப் பார்க்க வேண்டும். ‘14 யூனிட்தான், பார்த்துக்கோ’ என்று காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குவது சரிபார்ப்பு அல்ல. டீ குடிக்கும்போது மொத்தமாகப் போடும் இரண்டாவது கையெழுத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

பார்கோடு ஸ்கேனர் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையும் பல நிர்வாகங்களுக்கு இருக்கிறது. நல்ல கருவிதான், தவறுகளைக் கணிசமாகக் குறைக்கிறது. ஆனால் அவசரத்தில் நோயாளியின் பட்டையை ஸ்கேன் செய்ய முடியாத இடங்களில், நர்ஸ்கள் கூடுதல் பட்டையை அச்சடித்துத் தள்ளுவண்டியிலும் கதவு நிலையிலும் ஒட்டிவைத்து அதை ஸ்கேன் செய்ததை அமெரிக்க ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள். வேலையின் ஓட்டத்துக்குப் பொருந்தாத எந்தப் பாதுகாப்பு முறைக்கும் இந்தக் கதிதான்.

அந்த ஓட்டம் உங்கள் வார்டில் காலை ஆறு மணிக்கு எப்படி இருக்கிறது? இன்சுலின், ஆன்டிபயாடிக், ரத்த மாதிரி, காய்ச்சல், பிபி, ட்ரிப் மாற்றுவது, நடுவே போன், நடுவே ‘சிஸ்டர், பெட்பேன்’. ஜொஹன்னா வெஸ்ட்புரூக் குழுவினர் சிட்னியில் செய்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், மருந்து கொடுக்கும்போது வரும் ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருந்துத் தவறுகள் சுமார் 12 சதவீதம் கூடுவது தெரிந்தது. இந்த நேரத்தில் வரும் வேலைகளில் எது உண்மையிலேயே ஆறு மணிக்கு நடக்க வேண்டும் என்று இன்சார்ஜ் சிஸ்டரோடு உட்கார்ந்து பாருங்கள். சாப்பாடு எட்டு மணிக்கு என்றால் ஆறு மணிக்கு இன்சுலின் எதற்கு? ரெகுலர் இன்சுலின் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போதும். பல வார்டுகளில் அந்த நேரம், பகல் ஷிஃப்டுக்கு வேலை மிச்சம் வைக்கக் கூடாது என்ற வழக்கத்தால் மட்டுமே இருக்கிறது. டாக்டரிடமும் டயட் பிரிவிடமும் பேசித்தான் மாற்ற வேண்டும். ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் கை வைக்கும் விஷயம் இதுதான்.

அடுத்து எண்ணிக்கை. முப்பது பேருக்கு இரண்டு பேர். இதைப் பேசாமல் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது பாதி உண்மைதான். லிண்டா எய்க்கன் தலைமையில் பென்சில்வேனியா மருத்துவமனைகளில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், ஒரு நர்ஸின் பொறுப்பில் அறுவை சிகிச்சை நோயாளி ஒருவர் கூடும்போது, முப்பது நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகக் கண்டார்கள். கலிஃபோர்னியா 2004-ல் நர்ஸ் எண்ணிக்கைக்குச் சட்ட வரம்பை அமலுக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருடத்திலிருந்து அங்கே சாதாரண வார்டில் ஒருவருக்கு ஐந்து பேருக்கு மேல் கூடாது. உங்களால் ஆள் எடுக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் அந்த நேரத்தில் எத்தனை நர்ஸ், எத்தனை நோயாளி என்பதை எழுதுங்கள். ‘எங்களுக்கு ஆள் போதவில்லை’ என்ற புலம்பலுக்கு நிர்வாகம் பழகிவிட்டது. தேதியும் நேரமும் எண்ணும் உள்ள பத்துத் தாள்களுக்கு அவ்வளவு சுலபமாகப் பழக முடியாது.

இனி, எழுதும் விதம். மன்னிப்பு வேண்டாம், ‘என் கவனக்குறைவால்’ வேண்டாம், பிறரைக் குற்றம் சொல்லவும் வேண்டாம். நடந்தது மட்டும். இப்படி எழுதலாம்:

“காலை 6.10 மணி. 12-ஆம் படுக்கை நோயாளிக்கு இன்சுலின் 14 யூனிட் கொடுக்கவிருந்தபோது, அது அதே பெயருள்ள 17-ஆம் படுக்கை நோயாளிக்கு உரியது எனத் தெரிந்து நிறுத்தப்பட்டது. மருந்து செலுத்தப்படவில்லை. முந்தைய மாலை இருவரின் படுக்கையும் மாறியிருந்தது. இரவு ஹேண்ட் ஓவரில் இத்தகவல் இல்லை. ஒரே பெயர் என்பதற்கான குறி எந்தப் பதிவிலும் இல்லை. பெயரைச் சொல்லி அழைத்து உறுதி செய்யப்பட்டது, கைப்பட்டை பார்க்கப்படவில்லை. பணியில் 2 நர்ஸ்கள், 30 நோயாளிகள். பரிந்துரை: ஒரே பெயருக்கு ஒட்டுச்சீட்டு, படுக்கை மாற்றத்துக்குக் கையெழுத்து.”

கைப்பட்டை வரியை விட்டுவிடாதீர்கள். சங்கடமான ஒன்றை நீங்களே எழுதியிருந்தால் மற்ற வரிகளையும் நம்புவார்கள். இது இன்சிடென்ட் படிவத்தில் மட்டும் போகட்டும். மருந்து உடலுக்குள் போகாததால் கேஸ் ஷீட்டில் எழுத ஒன்றுமில்லை. ஒருவேளை போயிருந்தால் என்ன கொடுக்கப்பட்டது, யாரிடம் சொல்லப்பட்டது, என்ன செய்யப்பட்டது என்பது கேஸ் ஷீட்டிலும் இருந்தே ஆக வேண்டும். அந்த நோயாளி இன்னும் வார்டில் இருந்தால் அவரிடமும் பேசுங்கள். அவர் கேட்டது சரி, இனியும் எந்த மருந்தானாலும் கேட்கலாம் என்று சொல்லுங்கள்.

தாளை நீட்டுவதற்கு முன் இன்சார்ஜ் சிஸ்டரிடம் வாயால் சொல்லுங்கள். ரவுண்ட்ஸ் நேரத்தில் வேண்டாம், மதியம் கொஞ்சம் ஓய்ந்த பிறகு. ஒட்டுச்சீட்டு மாதிரி ஒன்றைக் கையில் கொண்டுபோவது பெரிய வித்தியாசம் தரும், பேச்சு ‘யார் செய்தது’ என்பதிலிருந்து ‘இதை எங்கே ஒட்டலாம்’ என்பதற்குத் திரும்பிவிடும். அவரிடம் கேட்க இன்னொன்றும் இருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், பெரிய ரத்தக் குழாயில் போடும் குழாய்களால் வரும் தொற்றைக் குறைக்க பீட்டர் ப்ரோனோவோஸ்ட் குழு ஒரு முயற்சி செய்தது, 2006-ல் முடிவு வந்தது. கை கழுவுவது, முழுத் துணியால் மூடுவது, குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைப்பது, தொடையிடுக்கைத் தவிர்ப்பது, தேவையில்லாத குழாயை எடுத்துவிடுவது. புதிதாக எதுவுமில்லை, எல்லோருக்கும் தெரிந்த ஐந்து. ஆயிரம் குழாய் நாளுக்கு (ஒரு நோயாளிக்குக் குழாய் ஒரு நாள் இருந்தால் ஒரு குழாய் நாள்) 2.7 என்றிருந்த தொற்றின் இடைநிலை அளவு மூன்று மாதத்துக்குள் பூஜ்யத்துக்கு வந்தது. இந்தப் பட்டியலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: டாக்டர் ஒரு படியை விட்டால் நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை அங்கே நர்ஸுக்குக் கொடுத்தார்கள், மேலிடம் அதற்குப் பின்னால் நின்றது. உங்கள் இன்சார்ஜிடம் அந்த ஒரு வாக்கியத்தைக் கேளுங்கள்: அடையாளம் உறுதியாகாவிட்டால், ரவுண்ட் தாமதமானாலும் மருந்தை நிறுத்தலாம், யாரும் திட்டமாட்டார்கள் என்று.

தூக்கம் வராதது பற்றி. இப்படிப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு மனம் அதையே ஓட்டிப் பார்ப்பது சகஜம். ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் 2000-ல் இந்த நிலையில் இருக்கும் ஊழியரை ‘இரண்டாவது பாதிக்கப்பட்டவர்’ என்றே குறிப்பிட்டார். நம்பிக்கையான ஒரு சக நர்ஸிடம் முழுக்கச் சொல்லுங்கள், பாதி பாரம் அங்கேயே இறங்கும். சிலர் பயத்தில் ஒவ்வொரு மருந்தையும் ஆறேழு முறை பார்த்துப் பார்த்து, அந்தத் தாமதத்தில் வேறொன்றைத் தவறவிடுவார்கள். அந்தப் பக்கம் போகிறீர்கள் என்று தோன்றினாலோ, தூக்கமின்மை இன்னும் சில வாரங்கள் நீடித்தாலோ மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

இன்சார்ஜ் காது கொடுக்கவில்லை என்றால் தரப் பிரிவுக்கும், அது இல்லாத இடத்தில் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸுக்கோ பார்மசிஸ்டுக்கோ போங்கள். மருந்து சம்பந்தப்பட்ட நூலிழைத் தப்பல்களில் பார்மசிஸ்டுகள் பெரும்பாலும் நம் பக்கம் நிற்பார்கள். ரிப்போர்ட்டின் நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும், நோயாளியின் பெயரை மட்டும் அதில் மறைத்துவிடுங்கள். தனியாகப் போகாதீர்கள். மெமோ வாங்கிய உங்கள் தோழியையும் கூட்டிக்கொண்டு போங்கள், விட்டுப்போன அந்த டோஸ் எத்தனை மணி டோஸ் என்று அவளிடம் கேட்டுக்கொண்டு. அதுவும் காலை ஆறு மணி டோஸாக இருந்தால், உங்கள் இருவரின் தாளையும் ஒன்றாகவே கொடுங்கள்.